டிஸ்சார்ஜ் ஆகி வந்த அம்மாவுக்கு 13 மருந்துகள்: எதைக் குறைப்பது, யாரைக் கேட்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 76, எடை 48 கிலோ. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் எங்களோடு இருக்கிறார். பல வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் குளிர்காய்ச்சல், நீர்க்கடுப்பு என்று தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுநீர்த் தொற்று என்றார்கள். ஆன்டிபயாடிக் ஏற்றும்போது உடம்பெல்லாம் அரித்ததால் அவில் ஊசி போட்டார்கள். அன்று ராத்திரி ஆளே மாறிவிட்டார். இறந்துபோன அப்பாவைக் கூப்பிட்டார், ட்ரிப்ஸைப் பிடுங்கினார். சிறுநீர் பிரியாமல் டியூப் போட வேண்டியதாயிற்று. தூங்க மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் தெளிந்து, 11 மருந்துகளோடு வீட்டுக்கு வந்தோம்.

வந்த பத்து நாளில் கால் வீங்கியது. எங்கள் ஊர் டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். பிறகு எழுந்தாலே தலைசுற்றல், அதற்கு ஒன்று. இப்போது இரண்டு கையும் நடுங்குகிறது. முகத்தில் சிரிப்பே இல்லை, காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். பார்க்கின்சன் ஆரம்பமாக இருக்கலாம், அதற்கும் மாத்திரை தொடங்கலாம் என்கிறார்கள். பாதி மாத்திரையைத் தூக்கிப் போடு என்கிறான் அண்ணன். எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லா அட்டைகளையும் படமெடுத்து, ரத்தப் பரிசோதனைத் தாளோடு அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து கொடுக்கிற பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் தனி. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மிக முக்கியமான வரியைக் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ‘வீட்டுக்கு வந்து கொடுக்கிற மாத்திரைகள் தனி’ என்ற அந்த வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் அம்மா பல மாதமாக மாத்திரை வாங்குகிறார். நடக்க முடியாத எத்தனையோ முதியவர்களுக்கு பிரஷர், சர்க்கரை மருந்து தடையில்லாமல் கிடைப்பது இந்தத் திட்டத்தால்தான். அதில் எனக்குக் குறையில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த அட்டைகளின் பின்பக்கம் பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி., சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. என்று இருக்கிறது; மெட்ஃபார்மின் இரண்டு வேளை. மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த 11 மருந்துகளிலும் அதே அம்லோடிபின் 5 மி.கி. இருக்கிறது, வேறு கம்பெனிப் பெயரில். அதே மெட்ஃபார்மின், 1000 மி.கி., காலையும் இரவும். பெயரும் நிறமும் வேறாக இருப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆக, அம்மா இந்த இரண்டு மாதமாக அம்லோடிபின் ஒரு நாளைக்கு 10 மி.கி. சாப்பிடுகிறார். மெட்ஃபார்மின் 3000 மி.கி. சாப்பிடுகிறார். நல்ல உடல்கட்டுள்ள நடுத்தர வயதுக்காரருக்கே 2000, மிஞ்சினால் 2500 மி.கி.யோடு நிறுத்திக்கொள்வோம்.

இனி நடந்ததை வரிசையாகப் பாருங்கள். அம்லோடிபின் கால் வீக்கத்தை உண்டாக்கும். அளவு கூடக் கூட வீக்கமும் கூடும். பாத எரிச்சலுக்கு அம்மா சாப்பிடும் கேப்சூலில் இருக்கும் ப்ரீகாபலினுக்கும் அதே குணம் உண்டு. இந்த வீக்கம் உடம்பில் நீர் அதிகமானதால் வருவதில்லை. ரத்தக்குழாய் தளர்ந்து நீர் வெளியே கசிவதால் வருகிறது. அதனால் நீர் பிரிக்கும் மாத்திரைக்கு இது சரியாக மசியாது. உங்கள் ஊர் டாக்டர் இரட்டை அம்லோடிபினைப் பார்க்கவில்லை, வீங்கிய காலைப் பார்த்தார், ஃபுரோசெமைடு எழுதினார். மருத்துவமனை பிரஷருக்குத் தந்த டெல்மிசார்டன் மாத்திரைக்குள்ளேயே ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற இன்னொரு நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து அம்மாவின் உடம்பை வற்ற வைத்திருக்கும். படுக்கையிலிருந்து எழுந்ததும் பிரஷர் சரிந்து தலை சுற்றும். அந்தத் தலைசுற்றலுக்கு எழுதப்பட்டது புரோகுளோர்பெரசின், நீங்கள் ஸ்டெமெட்டில் என்று கேள்விப்பட்டிருக்கும் மருந்து. காதுக்குள் கோளாறினால் வரும் தலைசுற்றலையும் வாந்தியையும் சில நாளைக்குத் தணிக்கக்கூடியது அது. பிரஷர் சரிந்து வரும் தலைசுற்றலுக்கு அது எதுவும் செய்யாது, சில சமயம் பிரஷரை மேலும் இறக்கும்.

நடுக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. மூளையில் அசைவைச் சீராக வைத்திருக்கும் டோபமின் என்ற பொருளின் வேலையை புரோகுளோர்பெரசின் தடுக்கிறது. பார்க்கின்சன் நோயில் குறைவதும் அதே டோபமின்தான். போதாததற்கு, ஒரு வருடமாக அம்மா காலையில் வெறும் வயிற்றில் போடும் ‘கேஸ் கேப்சூல்’ படத்தையும் பார்த்தேன். அதில் ராபெப்ரசோலோடு லெவோசல்பிரைடு என்ற மருந்து இருக்கிறது. அதுவும் டோபமினைத் தடுப்பதுதான். வயிற்று உப்புசத்துக்கு என்று நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதப்படும் இந்த கேப்சூலைச் சாப்பிடுபவர்களில் பலருக்கு, அதற்கும் கை நடுக்கத்துக்கும் தொடர்பு உண்டென்று யாரும் சொல்வதில்லை. இரண்டு மருந்தும் ஒரே இடத்தில் கை வைக்க, சில வாரங்களில் முகம் உறைந்து, நடை சுருங்கி, இரு கையும் நடுங்கத் தொடங்கியிருக்கிறது. உண்மையான பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் ஆரம்பிக்கும், மெல்ல மெல்ல வருடக்கணக்கில் வளரும். உங்கள் அம்மாவுக்கு வந்த வேகமும், இரு பக்கமும் ஒன்றாக வந்ததும் மருந்தைத்தான் காட்டுகின்றன.

இப்போது பார்க்கின்சன் மாத்திரை தொடங்கினால் அது பதினான்காவது மருந்து. அதற்குக் குமட்டல் வரும், குமட்டலுக்கு இன்னொன்று. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அடுத்த மருந்தை எழுதுவது முதியோர் மருத்துவத்தில் நாங்கள் அதிகம் அஞ்சுகிற தொடர். இதில் யாரும் அலட்சியக்காரர் இல்லை. ஒவ்வொரு சீட்டையும் தனியாகப் பார்த்தால் நியாயம் இருக்கிறது. இந்த 13, திட்டத்தில் வந்த 2, ஆக 15 அட்டைகளையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லை என்பதே குறை. நீங்கள் படமெடுத்து அனுப்பியதால்தான் எனக்கே தெரிந்தது.

மருத்துவமனையில் அந்த ராத்திரி நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாவுக்கு ‘புத்தி பேதலிக்க ஆரம்பித்துவிட்டதோ’ என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. திடீரென்று வரும் அந்த மனக்குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். காய்ச்சலும் தொற்றும் முதிய மூளையைத் தாங்களாகவே குழப்பக்கூடியவை. அதன் மேல் அவில் விழுந்திருக்கிறது. அரிப்புக்கு நல்ல மருந்துதான். ஆனால் ஃபெனிரமின் என்ற அந்தப் பழைய தலைமுறை மருந்து, மூளையில் நினைவுக்கும் விழிப்புக்கும் தேவையான அசிடைல்கோலின் என்ற பொருளைத் தடுக்கிறது. சிறுநீர்ப்பை சுருங்குவதற்கும் அதே பொருள் வேண்டும். அம்மா ஏற்கெனவே பாத எரிச்சலுக்குச் சாப்பிடும் கேப்சூலில் நார்ட்ரிப்டிலினும் இருக்கிறது. அதுவும் இதே வேலையைச் செய்வது. ஒரே ராத்திரியில் குழப்பமும் சிறுநீர் அடைப்பும் சேர்ந்து வந்ததற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் புது இடமும், அணையாத விளக்கும், கழற்றி வைத்த கண்ணாடியும் மீதியைச் செய்திருக்கும்.

டெலிரியம் எப்போதும் கூச்சலாக வராது. பேசாமல், சாப்பிடாமல், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டு கிடப்பவர்களும் உண்டு. ‘பாட்டி சமத்தாகத் தூங்குகிறார்’ என்று வார்டில் விட்டுவிடுவார்கள். எனக்கு அவர்களைப் பற்றித்தான் கவலை அதிகம்.

அடுத்தது சிறுநீரகம். கிரியாட்டினின் 1.2 என்று வந்திருக்கிறது, ‘கொஞ்சம்தான் கூட, பயமில்லை’ என்று சொல்லியிருக்கிறார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 48 கிலோ மூதாட்டியிடம் தசையே குறைவு, அதனால் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் அழகாக இருக்கும். 1976இல் காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் தந்த கணக்கு இன்றும் மருந்தளவு முடிவு செய்யப் பயன்படுகிறது. 140இலிருந்து வயதைக் கழித்தால் 64. அதை எடையால் பெருக்கினால் 3072. அதை, கிரியாட்டினினை 72ஆல் பெருக்கி வரும் 86.4ஆல் வகுக்க வேண்டும். பெண் என்பதால் வரும் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம் நிமிடத்துக்கு 30 மி.லி. என்று வருகிறது. திடமான இளவயதுக்காரரிடம் இது 100க்கு மேல் இருக்கும். ஆய்வகங்கள் போடும் வேறு கணக்கில் எண் சற்றுக் கூடுதலாக வரும், ஆனாலும் சொல்லும் சேதி ஒன்றே: சிறுநீர் வழியாக வெளியேற வேண்டிய எந்த மருந்தும் உங்கள் அம்மாவின் உடம்பில் நெடுநேரம் தங்கும். மெட்ஃபார்மின் அப்படி. ப்ரீகாபலின் அப்படி.

இந்தச் சிறுநீரகத்தின் மீதுதான் மூட்டுவலிக்கு தினமும் அசிக்ளோஃபெனாக் விழுகிறது. டெல்மிசார்டன், நீர் பிரிக்கும் மருந்து, இப்படி ஒரு வலி மாத்திரை, மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாளிலேயே படுத்துவிடலாம். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து உடம்பு வற்றிய நேரத்தில் ஆபத்து இன்னும் அதிகம்.

அடுத்து, கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை பற்றி. சேர்ப்பதற்கு முன் 1 மி.கி. சாப்பிட்டவருக்கு இப்போது 2 மி.கி. தொற்று இருக்கும்போது யாருக்கும் சர்க்கரை ஏறும். காய்ச்சல் நேரத்துச் சர்க்கரையைப் பார்த்து, டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரையைக் கூட்டி அனுப்பிவிட்டால், தொற்று அடங்கியதும் சர்க்கரை தானாக இறங்கும், மாத்திரை மட்டும் கூடுதலாகவே நிற்கும். முதியவர்களுக்குத் தாழ்சர்க்கரை வரும்போது வேர்வையும் படபடப்பும் வராமல், வெறும் மயக்கமாகவோ உளறலாகவோ விழுவதாகவோ வரலாம். பிரஷர் மருந்துகளும் இதே வகையில் வார்டில் கூட்டப்பட்டவை. 76 வயதில், இந்த உடல்நிலையில், மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 8க்குப் பக்கத்தில் இருந்தால் எனக்குப் போதும். 6.5க்கு இறக்கிக் காட்டுவதில் அம்மாவுக்கு லாபமில்லை, விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கான வழிதான் திறக்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. உங்கள் அம்மாவை நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் மருந்தை மாற்றும் பொறுப்பு அவரைப் பார்க்கும் டாக்டருடையது. ஆனாலும் மூன்று விஷயம் இன்றே செய்யலாம். திட்டத்தில் வந்த அம்லோடிபின், மெட்ஃபார்மின் அட்டைகளை எடுத்துத் தனியாக வையுங்கள். இப்போதைக்கு மருத்துவமனை தந்தது மட்டும் போகட்டும். அடுத்த முறை தன்னார்வலர் வரும்போது இந்த விவரத்தைச் சொல்லி அவருடைய அட்டையிலும் குறிக்கச் சொல்லுங்கள். அசிக்ளோஃபெனாக்கை நிறுத்துங்கள். வலி இருந்தால் வெறும் பாராசிட்டமால் 500 மி.கி., நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். மூன்றாவது, விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியில் காலை, மதியம், இரவு சாப்பாட்டுக்கு முன் சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். 100க்குக் கீழே வந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். 70க்குக் கீழே என்றால் முதலில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு போன்.

இரண்டு நாளுக்குள் ஒரு பொது மருத்துவரிடம் போங்கள். அட்டைகள், சிரப், கண் சொட்டு, நாட்டு மருந்து லேகியம் வரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். முதியோர் நலத்துக்கென்றே படித்தவர்தான் வேண்டும் என்றில்லை. சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் முதியோருக்கென்று தேசிய மருத்துவமனை திறந்திருக்கிறார்கள், தேவைப்பட்டால் போகலாம். ஆனால் இந்த வேலைக்கு அவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் ஒதுக்கி, பையைக் கொட்டிப் பார்க்கிற பொறுமையுள்ள ஒருவர் போதும். முதலில் அம்மாவைப் படுக்க வைத்து பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி. மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் தலைசுற்றலுக்கான காரணம் கையில் கிடைத்துவிட்டது. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்க வேண்டும். இரண்டு நீர் மாத்திரை ஒன்றாகச் சாப்பிடுபவரிடம் சோடியம் குறைந்திருப்பதை அடிக்கடி காண்கிறோம். சோர்வும் குழப்பமும் அதனாலும் வரும்.

புரோகுளோர்பெரசின், லெவோசல்பிரைடு இரண்டும் வேண்டுமா என்பதை அன்றே நேராகக் கேளுங்கள். அவற்றை நிறுத்திய பிறகும் நடுக்கம் சட்டென்று போகாது. வாரக்கணக்கில், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரை பார்க்கின்சன் மாத்திரை தொடங்காமல் காத்திருக்கலாமா என்று கேளுங்கள். ஆறு மாதம் தாண்டியும் நடுக்கம் நீடித்தால், உள்ளே மெல்லத் தொடங்கியிருந்த நோயை மருந்து முன்கூட்டியே வெளிக்காட்டியிருக்கலாம், அப்போது நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டும்.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, வழிதான் ஆபத்தானது. ராத்திரி போடும் தூக்க மாத்திரையான குளோனசிபாமை இரண்டு மாதம் தொடர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, பதற்றம், சில சமயம் வலிப்புகூட வரும். அதை டாக்டர் சொல்படி சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் ஆஸ்பிரினைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தக்கூடாது. இதயத்துக்கான பீட்டா பிளாக்கர், ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து எல்லாவற்றுக்கும் இதுவே விதி. வயதாகிவிட்டது என்று தேவையான மருந்தைக் கொடுக்காமல் விடுவதும் நான் அடிக்கடி பார்க்கிற தவறுதான். எண்ணிக்கை பெரிதாக இருப்பது மட்டுமே குற்றமில்லை. ஒவ்வொரு மாத்திரைக்கும் எதற்காக, எதுவரை என்ற பதில் இருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் பாதிக்கு அந்தப் பதில் இல்லை.

முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை 1991இலேயே அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் பட்டியலிட்டார். அமெரிக்க முதியோர் நலச் சங்கம் அதை 2023இல் மறுபடி புதுப்பித்தது. குளோனசிபாம் போன்ற தூக்க மருந்துகள், பழைய அரிப்பு மருந்துகள், கிளிமெபிரைடு வகை, தினசரி வலி மாத்திரை எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் லெவோசல்பிரைடு அதில் இருக்காது, ஏனென்றால் அந்த மருந்து அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை. நம் மெடிக்கல் ஷாப் அலமாரிக்கு ஏற்ற பட்டியலை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இதில் எனக்கு ஆதங்கம் உண்டு.

இன்னொரு முறை சேர்க்க நேர்ந்தால், அந்தப் பை முதல் நாளே வார்டுக்குப் போகட்டும். ‘பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை’ என்று சொல்லாமல் பெயரையும் அளவையும் காட்டுங்கள். அவிலால் குழப்பம் வந்தது என்பதையும், அரிப்பு உண்டாக்கிய ஆன்டிபயாடிக்கின் பெயரையும் டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்து ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். கண்ணாடி, காது கருவி கூடவே இருக்கட்டும், ராத்திரி தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் அவசரத்தில் சீட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். பழைய மருந்தில் எது தொடர்கிறது, எது மாறியது, எது நின்றது, புதிதாக வந்தது எந்தத் தேதி வரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பேனாவால் அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். தூக்க மாத்திரையும் கேஸ் மாத்திரையும் இப்படிக் கேட்காமல் விட்டால் வருடக்கணக்கில் தொடரும்.

மருந்தால் வந்த இந்த நடுக்கத்தை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நீங்களே தெரிவிக்கலாம், 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை.

கூப்பிட்டால் எழுப்ப முடியாத தூக்கம், புதிதாக உளறல், அரை நாளுக்கு மேல் சிறுநீர் பிரியாமை, கறுப்பாக மலம் போவது, விழுந்து தலையில் அடி, இவற்றில் எது வந்தாலும் டாக்டர் நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், பையோடு. இல்லையென்றால் இந்த வாரப் பரிசோதனை எண்களும் மாற்றிய மருந்துப் பட்டியலும் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். சோடியத்தின் எண்ணை மறக்காமல் சேருங்கள்.